நடுவில் மலை இல்லாத பை

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக வந்தவள் அவள்.

"மிஸ், இந்த வருஷமும் பை டிசைன் போட்டி வெக்கறாங்க. நீங்கதான் நடுவரா வரணும்னு சங்கத்துல கேக்கறாங்க. அப்புறம் விழா மலருக்கு உங்க அனுபவத்த எழுதித் தரணுமாம். புதுசா வந்த டீச்சர்ங்களுக்கெல்லாம் ஊக்கமா இருக்கற மாதிரி."

"விதிமுறை என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அதேதான் மிஸ். மலை கட்டாயம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஊக்கமாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதலாம். போடுவதும் குப்பையில் போடுவதும் மலர்க்குழுவின் இஷ்டம்.

ஓவியத்தில் டெக்னிக்கல் பரீட்சை தேறி, ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுத் தலை நரைக்கத் தொடங்கும் நேரத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பயிற்சியில் வெளிச்சம், நிழல், தூரம், மனித உடம்பின் அளவு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அது எதற்கும் வேலை வரவில்லை. ஆண்டு விழா பேனர், அமைச்சர் வந்தால் வரவேற்புப் பலகை, கழிப்பறைச் சுவரில் 'சுத்தம் காப்போம்', இவைதான் என் ஓவியங்கள். ஓவிய வகுப்பு என்று அட்டவணையில் ஒன்று இருந்தது. கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியாத போதெல்லாம் அதை அவர் எடுத்துக்கொள்வார். கணக்கு டீச்சருக்கு எந்த வருஷமும் பாடம் முடிந்ததில்லை.

ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும். சுதந்திர தினம், சாலைப் பாதுகாப்பு, தண்ணீர் சேமிப்பு, கண் தானம் என்று எதற்கெடுத்தாலும் பள்ளிகளுக்கு இடையே ஓவியப் போட்டி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் முதலில் ஒரு மலையைப் போட்டு, உச்சியில் தீபத்தை ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிப்பார்கள். மழைநீர் சேகரிப்பு என்றால் மலைமேல் மழை பெய்யும். சாலைப் பாதுகாப்பு என்றால் மலையடியில் ஒரு பஸ் நிற்கும். நிலாவில் மனிதன் என்று ஒரு முறை கொடுத்தார்கள். நிலாவிலும் மலை இருந்தது, அதன் உச்சியிலும் தீபம் எரிந்தது, விண்வெளி வீரர் கும்பிட்டபடி நின்றார். அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு.

குழந்தைகளைக் குறை சொல்லவில்லை. மலை போட்டால் பரிசு வரும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரியவர்கள்தான். போட்டி நடக்கும் கூடத்தின் ஜன்னல்களில் அம்மாக்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். "வானத்துக்கு ஆரஞ்சு அடிடீ! தீபத்த பெருசா போடு!" என்று கம்பி வழியாக உத்தரவு வரும். அவர்களைத் துரத்துவதற்கே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளும் நான்தான்.

போட்டித் தாள்களை வெட்டுவது, மாற்றித் தருவதைத் தடுக்க ஒவ்வொன்றின் மூலையிலும் பள்ளி முத்திரை குத்துவது, பெயருக்குப் பதிலாக எண் எழுதிப் பின்பக்கம் ஒட்டுவது, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால் துடைப்பது எல்லாம் என் வேலை. மேடையில் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போட்டதில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. வீட்டில் சால்வை வைக்க இடமில்லை.

இனி தலைமையாசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷி இல்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே கிடையாது. பருத்திப் புடவையைக் கஞ்சி போட்டு உடுத்தி, கையில் ஒரு இரும்பு ஸ்கேலோடு வருவார். யாரையும் அடிக்க அல்ல. ஓவியத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் முதலில் ஸ்கேலைத் தாளின் ஓரத்தில் வைத்து அளப்பார். நான்கு பக்கமும் ஒரே அளவில் ஓரம் விட்டிருந்தால் முகம் மலரும். அதற்குப் பிறகுதான் உள்ளே என்ன வரைந்திருக்கிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு" என்பார். அதற்கு அடுத்தாற்போல் "ஆனா எதுக்குங்க வம்பு" என்று வரும். கூரை ஒழுகுகிறது என்று எழுதித் தரப் போனாலும் அதே பேச்சுதான். அவருடன் வேலை பார்த்த அத்தனை வருஷமும் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குழம்பில் உப்பு கம்மி என்று யாராவது சொன்னால் நானே "எதுக்குங்க வம்பு" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன்.

இப்போது வினோதினி.

அடி அண்ணாமலையில் இருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண். அவள் அப்பா ஏழுமலை கிரிவலப் பாதையோரத்தில் டீக்கடையும் கரும்பு ஜூஸ் மெஷினும் வைத்திருந்தார். பௌர்ணமிக்கு மறுநாள் அவள் பள்ளிக்கு வர மாட்டாள். வந்தாலும் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு அழகான கை கிடையாது. கோடு நடுங்கும். வண்ணம் அடித்தால் திட்டுத் திட்டாக நிற்கும். ஆனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது யாருக்கு எப்படிப் பயன்படுகிறது என்றுதான் பார்ப்பாள். ஒருநாள் டிபன் பாக்ஸை வரையச் சொன்னேன். மற்றவர்கள் எல்லோரும் பளபளப்பைப் போட்டுக்கொண்டிருக்க, இவள் மூடியின் கொக்கியை மட்டும் பெரிதாக வரைந்து, "இங்கதான் மிஸ் சாம்பார் ஒழுவுது. கொக்கிய ரெண்டு பக்கமும் வெச்சிருந்தா ஒழுவாது" என்றாள். பளபளப்பு வரைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒழுகும் இடத்தை வரைந்தவள் என் காலத்தில் அவள் ஒருத்திதான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சென்னையில் நுண்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளைவிட எனக்கு ஜாஸ்தி ஆசை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஏழுமலையிடம் பேசினேன். டீக்கடைக்காரர் என்றாலும் கணீரென்று பேசுகிறவர்.

"இன்னா டீச்சர், படம் வரைஞ்சு இன்னா ஆவப் போவுது? நர்சிங் சேத்தா வேல கெடைக்கும். எங்க சொந்தத்துல ரெண்டு பேரு நர்சாதான் கீறாங்க."

"உங்க பொண்ணுக்குத் திறமை இருக்குங்க."

"திறமை இருக்குதுன்னு நீங்க சொல்றீங்க. ஊரு சொல்லட்டும். சங்கத்துல ஒரு போட்டி வெக்கறாங்களாமே, ஜெயிச்சா மெட்ராஸுக்குக் கூட்டினு போவாங்களாமே. அதுல ஃபர்ஸ்ட் வரட்டும். நானே கூட வந்து அப்ளிகேஷன் போடறேன். வரலேன்னா நர்சிங். பேச்சு மாற மாட்டேன்."

வினோதினி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவளுக்கு அதில் நியாயம் தெரிந்தது போலிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் போட்டிகள் எப்படி நடக்கும் என்று எனக்கல்லவா தெரியும்!

பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்திருந்த நேரம் அது. ஊரில் ஒரு சேவைச் சங்கம் கிரிவலம் வரும் பக்தர்களுக்குத் துணிப்பை கொடுக்க முடிவு செய்திருந்தது. 'பௌர்ணமிக்கு ஒரு பை' என்று பள்ளிகளுக்குப் போட்டி. தாளில் வடிவமைப்பை வரைய வேண்டும். கூடவே மாதிரிக்கு ஒரு பை தைத்துத் தர வேண்டும். முதல் பரிசு வாங்கும் பையை அச்சடித்து அடுத்த பௌர்ணமியில் பக்தர்களுக்குத் தருவார்கள். அந்த மாணவி மாநில இறுதிப் போட்டிக்குச் சென்னை போவாள். விதிமுறையில் 'நம் ஊரின் அடையாளம் இடம்பெற வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அப்போது அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் துணியில் மலையை வரையத் தொடங்கினார்கள். வினோதினி ஒரு வாரம் எதுவுமே வரையவில்லை. பிறகு ஒரு பையைத் தைத்துக்கொண்டு வந்தாள்.

அரக்கு நிறத் துணி. அகலம் கம்மி, ஆழம் ஜாஸ்தி. நடுவில் ஒரு தடுப்பு. தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ள நீளமான பட்டை.

"இன்னாடீ இது?" என்றேன்.

"செருப்புப் பை மிஸ்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"பௌர்ணமிக்கு வர்றவங்க எல்லாரும் வெறுங்கால்லதான மிஸ் நடக்கறாங்க. செருப்ப எங்கயாவது வுட்டா திரும்பக் கெடைக்காது. அதனால கவர்ல போட்டு கையில மாட்டினு நடப்பாங்க. எங்க கடையில வந்து டீ கேக்கறாங்களோ இல்லியோ, செருப்பு வெக்க ஒரு கவர் இருக்குதானு கேப்பாங்க. சுத்தி முடிச்சதும் கவர வீசிட்டுப் போயிடுவாங்க. மறுநாள் ரோடு பூரா அந்தக் கவருதான் மிஸ். அந்தக் கவருக்குப் பதிலாதான இந்தப் பை?"

எத்தனையோ பௌர்ணமிக்கு நான் கிரிவலம் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் செருப்பும் கவரில்தான் வந்தது.

பையின் மேல் நூலால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். போட்டிக்கான தாளிலும் அதையே வரைந்திருந்தாள். அருகில் வைத்துப் பார்த்தால் அது பாதை. பாதை நெடுகச் சின்னச் சின்ன மனிதர்கள் நடக்கிறார்கள். ஒரு கிழவர் கோலூன்றிப் போகிறார், ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறாள், போலீஸ்காரர் ஒருவர்கூட இருந்தார். நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் துணி.

"மலை எங்கேடீ?"

"செருப்பு வெக்கற பைல மலைய எப்படி மிஸ் போடறது? போட்டா யாரும் செருப்ப வெக்க மாட்டாங்க. அதான் மலைய வுட்டுட்டு சுத்தி நடக்கறவங்கள மட்டும் போட்டேன். நடுவுல இன்னா இருக்குதுன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே."

பயிற்சியிலும் வேலையிலுமாக இத்தனை காலம் நான் பார்த்த மலைப் படங்கள் ஒன்றிலும் இந்த அளவுக்கு மலை இருந்ததில்லை. அப்படியே அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு உடனே பயமும் வந்தது. "நடுவருங்களுக்கு விளங்குமாடீ?" என்றேன்.

"நடக்கறவங்களுக்கு விளங்கும் மிஸ்" என்றாள்.

நடுவர்கள் மூன்று பேர். சங்கத் தலைவர், அவர் ஒரு லாட்ஜ் முதலாளி. சாமி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் கடைக்காரர். மூன்றாவது எங்கள் தலைமையாசிரியை. ஓவியம் படித்த ஒரே ஆளான நான் ஒருங்கிணைப்பாளர். அதாவது படங்களைத் தரையில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் மூலைக்கு மூலை ஜல்லிக்கல் வைப்பவள்.

அன்றைக்கும் கூடம் முழுக்கப் பரப்பி, மாதிரிப் பைகளைப் பெஞ்சுகளில் வரிசையாக அடுக்கி வைத்தேன். தலைவர் வாசலிலேயே நின்றார். "சாமி மலையெல்லாம் கீழ கெடக்குது. எல்லாரும் செருப்ப வெளியவே வுட்டுட்டு வாங்க" என்றார். எல்லோரும் பயபக்தியோடு கழற்றிவிட்டு உள்ளே வந்தோம்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். மலை, தீபம், மலை, தீபம், மலைக்குப் பின்னால் வானவில். சட்டக்கடைக்காரர் ஒவ்வொன்றையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கண்ணாடி போட்டா நிக்கும்" என்றோ "நிக்காது" என்றோ சொன்னார். இது மாட்டி வைக்கும் படமல்ல, பை என்று இரண்டு முறை சொன்னேன். தலைமையாசிரியை ஸ்கேலோடு குனிந்து குனிந்து ஓரம் அளந்தார்.

வினோதினியின் பைக்கு வந்தார்கள். தலைவர் அதைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இந்தத் தடுப்பு?"

"செருப்பு வைக்க சார். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

பையைச் சட்டென்று பெஞ்சில் வைத்தார். "செருப்பா? மலைய சுத்த வர்ற பக்தருக்கு நம்ம சங்கம் செருப்புப் பையா குடுக்கும்? பேரு என்னத்துக்கு ஆவறது?"

சட்டக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நடுவுல ஒண்ணுமே இல்லையேங்க. முடிக்காம வுட்டுட்டாங்க போல."

தலைமையாசிரியை அளந்து முடித்திருந்தார். "ஓரம்லாம் சரியா விட்டிருக்கா. நல்லாதான் இருக்கு. ஆனா..." என்று என் முகத்தைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், உங்க செருப்பு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"வெளிய."

"ஏன் சார் வெளிய விட்டீங்க?"

"கீழ மலை இருக்குதில்லம்மா!"

"அதைத்தான் சார் இந்தப் பொண்ணும் நினைச்சிருக்கா. செருப்பு இருக்கற இடத்துல மலை இருக்கக் கூடாதுன்னுதான் போடாம விட்டிருக்கா."

தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு மலைமேல மரியாதை இருக்குதுன்றீங்க."

"ஆமாம் சார்."

"மரியாதை இருந்தா மலைய போட வேண்டியதுதான?"

நான் ஜல்லிக்கல்லைப் பார்த்தபடி நின்றேன். எடுத்து எறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

தலைமையாசிரியைதான் நடுவில் புகுந்தார். எங்கள் பள்ளிக்குப் பரிசு வந்தால் அவருக்கும் சந்தோஷம்தானே. "எதுக்குங்க வம்பு. பொண்ணு வெளியதான் இருக்கா. கூப்பிட்டு நடுவுல சின்னதா ஒரு மலை போடச் சொல்லலாம். போட்டுட்டா ஊர் அடையாளமும் வந்துடும்."

தலைவருக்கு அது பிடித்துப்போயிற்று. தையல் நன்றாக இருக்கிறது, மலை போட்டால் இதற்கே முதல் பரிசு தரலாம் என்றுகூடச் சொன்னார். அந்தத் தடுப்பை மட்டும் அச்சடிக்கும்போது எடுத்துவிடலாமாம்.

வினோதினி வந்தாள். அவள் கையில் பென்சிலைக் கொடுத்தேன். எது போனால் எது வரும் என்று மறைக்காமல் சொன்னேன். "போட்டா சென்னை. போடலேன்னா உங்கப்பா சொன்னதுதான். நீயே முடிவு பண்ணு."

பென்சிலை வாங்கிக்கொண்டு தாளின் முன் உட்கார்ந்தாள். முனையை வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு தலையைத் தூக்கித் தலைவரைக் கேட்டாள்.

"மலை போடறேன் சார். அப்ப செருப்ப எதுல வெப்பாங்க?"

"அது அவங்க பாடும்மா. நமக்கென்ன?"

அவள் பென்சிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "வேணாம் மிஸ். அப்புறம் இது எதுக்குன்னே தெரியாத பையா பூடும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் தலைவர்மேல் வந்ததைவிட அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. பாழாய்ப்போன ஒரு முக்கோணம்! பால்வாடிக் குழந்தைகூடப் போட்டுவிடும். போட்டுத் தொலைத்திருந்தால் காலேஜ் கிடைத்திருக்கும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் இஷ்டப்பட்டதை வரைந்திருக்கலாம். அவள் தன் பையை எடுத்து, மடித்து, சுடிதார் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போனாள். போகும்போது அழுதாளா என்று தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது.

முதல் பரிசு வேறொரு பள்ளிக்குப் போயிற்று. மலை, உச்சியில் தீபம், பின்னால் முழுநிலா, அதற்கும் பின்னால் வானவில். இரவில் எப்படி வானவில் வரும் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி போட்டால் நிற்கும்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம், அடி அண்ணாமலையில் பந்தல் போட்டுப் பை கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்பதால் நானும் போக வேண்டியிருந்தது. பந்தலுக்கு எதிரிலேயே ஏழுமலையின் கடை. தலைவர் மைக்கில் பேசி, முதல் பையை ஒரு அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா வாங்கி, மலைப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். செருப்பு வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் அவர் முழங்கையில் ஆடிக்கொண்டே போனது. அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. "வீட்ல சாமி ரூம்ல மாட்டணும்" என்று ஒரு ஆள் மனைவிக்கும் சேர்த்து இரண்டு கேட்டார்.

கொஞ்ச நேரத்தில், விவரமான ஆள் ஒருவர் வந்தார். பையை வாங்கினார். கையில் செருப்பு, கவர் கிழிந்துபோயிருந்தது. பையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பி, மலை வெளியே தெரியாதபடி செய்து, உள்ளே செருப்பைப் போட்டுக்கொண்டு திருப்தியாக நடந்தார். செருப்பின் அடிப்பாகம் நேராக மலை உச்சியில் உட்கார்ந்தது. அவரைப் பார்த்து அவர் பின்னால் வந்தவர்களும் திருப்பத் தொடங்கினார்கள்.

தலைவர் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிவந்து மைக்கைப் பிடுங்கினார். "பக்தர்களே, தயவுசெஞ்சு பையில செருப்ப வெக்காதீங்க! செருப்ப வெளிய எடுங்க!" என்று அலறினார். சங்கத்து ஆட்கள் ஓடி ஓடிச் செருப்புகளை வெளியே எடுக்கவைத்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்த கூட்டம் நேராக எதிர்க்கடைக்குப் போனது.

"அண்ணே, செருப்பு வெக்க ஒரு கவர் இருக்குமா?"

நான் கடைக்குப் போனேன். வினோதினி உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ஏழுமலை எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் அவரும் பார்த்திருந்தார்.

"பாத்தீங்களா? உங்க பொண்ணு அன்னைக்கே சொன்னா" என்றேன்.

"பாத்தேன் டீச்சர். சரியாத்தான் சொல்லிக்கீறா."

"அப்ப அந்தக் காலேஜுக்கு..."

அவர் பாய்லரைத் திறந்து கரியைக் கிளறினார். பிறகு தணிந்த குரலில் பேசினார். "சரியா சொல்றது வேற, ஜெயிக்கறது வேற டீச்சர். இவ சரியாத்தான் சொன்னா. ஊரு ஒத்துக்கிச்சா? இன்னிக்கு கண்ணால பாத்த பிறகாவது ஒத்துக்கிச்சா? இவ கொணத்துக்கு அந்தத் தொழிலு வேணாம் டீச்சர். தெனம் தெனம் இப்பிடி நிக்க வேண்டியிருக்கும். என் பொண்ணு அப்படி நிக்கறத என்னால பாக்க முடியாது."

இவ்வளவு கரிசனமாக ஒருவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. உள்ளே கிளாஸ் கழுவும் சத்தம் நின்றிருந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டது.

அவள் நர்சிங் சேர்ந்தாள். சங்கம் கூடி, இனிமேல் குழப்பம் வரக் கூடாது என்று விதிமுறையைத் திருத்தியது. 'ஊரின் அடையாளம்' என்ற வரியை எடுத்துவிட்டு 'மலை கட்டாயம்' என்று போட்டார்கள். அவர்கள் கற்றுக்கொண்டது அதுதான். கொஞ்ச காலத்தில் நானும் ஓய்வு பெற்றேன்.

சில மாதங்களுக்கு முன் எனக்குக் கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். எந்த ஆஸ்பத்திரியிலும் அந்த இடம் ஒரு குப்பைமேடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே சுவரில் வரிசையாக ஆணி அடித்து, கட்டில் எண் எழுதிய துணிப்பைகள் தொங்கின. அரக்கு நிறம். அகலம் கம்மி, ஆழம் ஜாஸ்தி. கையைவிட்டுப் பார்த்தேன். நடுவில் தடுப்பு.

ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது மறு கண்ணுக்குச் சொட்டு மருந்து போட வந்த நர்ஸ், "மிஸ், ஆடாதீங்க" என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"வாசல்ல இருக்கறது நீ தைச்சதாடீ?"

"ஆமா மிஸ். ஒவ்வொரு நாளும் செருப்பு மாறிப்போயி ஒரே சண்டை. லீவுல உக்காந்து தைச்சேன். இப்ப சண்டை கம்மி."

"படம் வரையறியா இன்னும்?"

"டூட்டிக்கே நேரம் சரியா இருக்குது மிஸ்" என்று மருந்துப் புட்டியை மூடினாள். கைராசியான நர்ஸ் என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். இருக்கட்டும். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நோயாளிகளுக்கு நல்ல நர்ஸ் கிடைத்தாள் என்று சொல்லி என் மனசைத் தேற்ற வருகிறவர்களிடம் எனக்குச் சண்டை போடத்தான் தோன்றுகிறது. அந்தப் பெண்ணிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

"பையைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றேன்.

"பார்வையிட வந்த ஒரு பெரியவரு ரொம்பப் பாராட்டினாரு மிஸ்." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "மேல மட்டும் ஒரு மலை படம் போட்டா இன்னும் நல்லா இருக்கும்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"போடறேன் சார், செருப்ப எதுல வெக்கறதுன்னு கேட்டேன். போயிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்து கட்டில் ஆடியது. "ஆபரேஷன் பண்ண கண்ணு மிஸ், குலுங்காதீங்க" என்று அதட்டினாள். குலுங்கியதில் சிரிப்பு பாதிதான். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். கட்டை அவிழ்க்காமல் ஓரத்தைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாள். பிறகு தன் அலமாரியில் இருந்து ஒரு பழைய பையை எடுத்து என் கையில் திணித்தாள். வெளுத்துப்போயிருந்தது. நூல் வட்டத்தில் கோலூன்றிய கிழவர் பாதி பிரிந்துபோயிருந்தார். போலீஸ்காரர் அப்படியே இருந்தார். நடுவில் வெறும் துணி. அன்றைக்குத் தாளில் போடாதது போலவே, அந்தத் துணியிலும் ஒரு பென்சில் கோடுகூட இல்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

ரேவதிக்கு இன்று காலை போன் செய்து, நடுவராக வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஆச்சரியம். "மலை கட்டாயம்னு போட்டிருக்காங்களே மிஸ், பரவால்லியா?" என்றாள். பரவாயில்லை என்றேன்.

தலைவர் இன்னும் அதே தலைவர்தான். படங்களைத் தரையில் பரப்பியிருப்பார்கள். வாசலில் நின்று, சாமி மலை கீழே கிடக்கிறது, செருப்பை வெளியே விடுங்கள் என்பார். நான் கழற்றுவேன். வெளியே விட மாட்டேன். இந்தப் பையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டுத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு, வரிசையின் கடைசிப் படம் வரைக்கும் அவருடன் நடப்பேன். அது என்ன பை, யார் தைத்தது என்று அவர் கேட்கட்டும்.